கரண்ட் இல்லாதபோது சுவிட்சை அணைத்தவள்

அன்றைக்கு இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். உளுந்து பாதி மசிந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. கிரைண்டர் நின்றது. நின்ற கிரைண்டருக்குள் கையை விட்டு, கல்லுக்கு அடியில் ஒட்டியிருந்த மாவை வழிக்க ஆரம்பித்தேன். கல் சும்மா இருக்கும்போதே வழித்துவிட்டால் வேலை சுலபம் என்று நினைப்பு. வாய் அது பாட்டுக்கு மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். தண்ணீர் பிடிக்க வந்த பிள்ளையாக இருக்கும் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எதிர்ச்சாரியில் இருக்கிற லேத்துப் பட்டறையில் மோட்டார் உறுமியது. தலைக்கு மேலே டியூப் லைட் இரண்டு தரம் கண் சிமிட்டி எரிந்தது. என் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளேதான் இருந்தது. அப்போதுதான் கிரைண்டர் சுவிட்சை நான் அணைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஆனால் கல் சுற்றவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஒல்லியாக ஒரு பெண். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். இன்னொரு கையில் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, பாம்பைக் கழுத்தில் பிடித்த மாதிரி எட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்ததும் அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். "நீங்க வழிங்கக்கா" என்றாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை, என்னிடம் மறுபடி பேசவும் இல்லை. அவள் போன பிறகு மாவுக் கையோடு அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பேர் முனிலட்சுமி. ஜவளகிரிக்குப் பக்கத்தில் காட்டோரம் ஒரு சின்ன ஊர். பி.காம் படிக்க ஓசூருக்கு வந்தவள். நான் சமையல் செய்கிற லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

அந்த ஹாஸ்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னராஜ் என்பவர் தன் குடும்பத்துக்கு என்று கட்டிய வீடு அது. சிப்காட்டில் கம்பெனிகள் பெருகின, காலேஜ்கள் வந்தன, வாடகைக்கு இடம் கேட்டு ஜனம் அலைந்தது. அவர் பின்னால் தனியாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, இதன் தலையில் மாடிக்கு மேல் மாடியாக ஏற்றி ஹாஸ்டல் ஆக்கினார். பிள்ளைகள் கூடினார்கள், கட்டில் கூடியது, ஃபேன் கூடியது. கரண்ட் லைன் மட்டும் அந்தப் பழைய ஒற்றை வீட்டுக்கு இழுத்ததுதான். அதிலேயே அவருடைய புது வீட்டுக்கும் ஒரு இழுப்பு. மெயின் போர்டு மாடிப்படிக்குக் கீழே. அதற்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ரூமில்தான் என்னுடைய அரிசி டிரம்மும் கேஸ் சிலிண்டர்களும்.

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர்க் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மொட்டை மாடியில் சோலார் இருந்தது. பனி மூடின நாளில் அதுவும் பச்சைத் தண்ணீர்தான் கொடுக்கும். அதனால் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஹீட்டர் ராடு வாங்கி வைத்திருந்தார்கள். வாளிக்குள் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொதிக்கும், அந்தக் கம்பிதான். வார்டன் நிர்மலா மேடம் வருகிற சத்தம் கேட்டால் அது தலையணை உறைக்குள் போய்விடும். பிடிபட்டால் ஹாஸ்டலைக் காலி பண்ண வேண்டும் என்பது சின்னராஜ் போட்ட சட்டம்.

காலையில் எல்லா ராடும் ஒன்றாக ஓடும்போது ஃபியூஸ் போகும். சின்னராஜின் ஆள் வந்து கட்டிவிட்டுப் போவான். ஒருநாள் அவனுக்கே அலுத்துப்போய், தடியாக ஒரு கம்பியைப் போட்டுக் கட்டிவிட்டான். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. அதற்குப் பதிலாக போர்டு சுட ஆரம்பித்தது. படிக்குக் கீழே அரிசி எடுக்கப் போனால், ரப்பர் கருகின மாதிரி ஒரு வாசனை மூக்கில் ஏறும். போர்டுப் பலகைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் அனல் அடிக்கும். முன்பு ஃபியூஸ் போனால் எரிச்சல் வரும். இப்போது போகாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. சின்னராஜிடம் சொன்னேன். பிள்ளைகள் கண்டதையும் போடுகிறார்கள், கரண்டை மிச்சம் பண்ணச் சொல்லுங்கள் என்றார். படிக்கட்டு முழுக்க "மின்சாரத்தைச் சேமிப்போம்" என்று காகிதம் அடித்து ஒட்டினார். போர்டை வந்து பார்க்கவில்லை.

காலேஜிலும் அதே சமயத்தில் மின் சிக்கன வாரம் என்று ஒன்று வைத்தார்கள். கோலம், உறுதிமொழி, பேச்சுப் போட்டி எல்லாம் நடந்தது. பேச்சில் முதல் பரிசு வாங்கினது எங்கள் ஹாஸ்டல் சுஜாதா. பாரூர்ப் பக்கம், நெல்லும் கரும்பும் விளைகிற குடும்பம். பேச ஆரம்பித்தால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடும். கப்போடு வந்து எனக்கும் இனிப்பு கொடுத்தாள். மறுநாள் காலையில் நான் காபி கொண்டுபோகும்போது, அந்தக் கப்பு ஜன்னலில் இருந்தது, கப்புக்குக் கீழே வாளியில் ராடு கொதித்துக்கொண்டிருந்தது. சுஜாதாவும் முனிலட்சுமியும் ஒரே ரூம். என் சமையல்கட்டுக்கு நேர் மேலே.

முனிலட்சுமி பேச்சுப் போட்டிக்கெல்லாம் போகவில்லை. அவள் செய்தது வேறு. கரண்ட் போனால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவாள். மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு ரூமாக நுழைந்து, ஃபேன், லைட், அயர்ன் பாக்ஸ், ராடு என்று எல்லாச் சுவிட்சையும் அணைத்துக்கொண்டு வருவாள். கரண்ட் இருக்கும்போது அணைக்கச் சொன்னாலும் அர்த்தம் உண்டு, இல்லாதபோது அணைக்கிறாளே என்று பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம்தான் அவர்களுக்கும். கரண்ட் போனால் சுவிட்சைத் தொட மாட்டார்கள். லைட் எரிந்தால்தானே வந்தது தெரியும் என்பார்கள்.

அவள் படியேறும்போதே, ஈபி வந்துட்டாடி என்று மேலே ஒருத்தி குரல் கொடுப்பாள். இன்னொருத்தி எழுந்து நின்று சல்யூட் அடிப்பாள். நாளைக்கு இவளைக் கட்டப் போகிறவன் இருட்டில்தான் குடும்பம் நடத்த வேண்டும் என்று ஒரு பேச்சு. முனிலட்சுமி எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொள்வாள். ஒருநாள் சுஜாதாதான், கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்.

"கரண்டே இல்ல. அதுல எதடி மிச்சம் பண்ணப்போற? செத்த பாம்ப அடிக்கிறாளே இவ."

"செத்துச்சான்னு யாரு பார்த்தது?" என்றாள் முனிலட்சுமி.

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அணைத்த சுவிட்சை இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவள் நகர்ந்ததை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன்.

இந்தப் பிள்ளைக்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து எனக்கு அவரைக்காய் நறுக்கிக் கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள்.

அவள் அப்பா திம்மப்பன். சொந்தமாக நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அந்தப் பக்கம் ராகி கதிர் முற்றும் காலத்தில் பன்றி வரும், யானை வரும். பயிரைக் காப்பாற்ற ஒரு நிலக்காரர் பம்புசெட்டிலிருந்து கரண்டை எடுத்து, வரப்பைச் சுற்றி வெறும் கம்பி கட்டியிருந்தார். செய்யக் கூடாத காரியம். ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. பொழுது விடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அன்றைக்குக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

பட்டப்பகல். திம்மப்பன் தலையில் புல்லுக்கட்டோடு முன்னால் போனார். முனிலட்சுமி தூக்குச் சட்டியோடு பின்னால். கம்பி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நின்று காது கொடுத்துக் கேட்டார். பம்புசெட் ஓடவில்லை. அப்படியென்றால் கரண்ட் இல்லை. மகளைப் பார்த்து, பயப்படாதே, கரண்ட் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார். அவர்கள் வீட்டில் அதுதான் பேச்சு. ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"மோட்டார் சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள் முனிலட்சுமி. "அப்பறந்தான் அப்பா விழுந்தாரு."

அவரைப் பிடிக்க ஓடின மகளை, வேலை செய்துகொண்டிருந்த ஒரு கிழவர் இடுப்போடு அணைத்துத் தூக்கிவிட்டார். இல்லாவிட்டால் அவளும் போயிருப்பாள். அதற்கப்புறம் அவள் அம்மா கெலமங்கலம் பக்கத்து ரோஜாப் பண்ணையில் பூ அறுக்கிற வேலைக்குப் போய் இவளைப் படிக்க வைக்கிறாள். முள் குத்தாத விரல் ஒன்றுகூட அம்மாவுக்கு இல்லை என்றாள். நறுக்கின காயை என் பக்கம் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. எதிர்ப் பட்டறையில் மோட்டார் உறுமும்போதெல்லாம் அவள் ஏன் திடுக்கிட்டு நிமிர்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு அந்தச் சத்தம் எனக்கும் ஆகவில்லை.

ராடுகளைப் பற்றி நிர்மலா மேடத்திடம் சொல்லிவிடலாமே என்று நான் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சொன்னால் எல்லோரையும் காலி பண்ணச் சொல்வார்கள். சுஜாதா வீட்டில் ஏற்கனவே மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள். படிப்பு முடியட்டும் என்று அழுது அடம்பிடித்து வந்திருக்கிறாள். ஹாஸ்டலை விட்டு அனுப்பினார்கள் என்று தெரிந்தால், அன்றைக்கே பந்தக்கால் நட்டுவிடுவார்கள். அவள் வாழ்க்கையை நான் எப்படிக்கா கெடுப்பேன் என்றாள். சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் அந்தப் பிள்ளை தவித்தது.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனிகளுக்குச் சாமான் வருகிற மரப்பெட்டிகளை உடைத்து, பட்டறைத் தெருவில் விறகாக விற்பார்கள். அதில் ஒரு கட்டு வாங்கலாமா என்று நிர்மலா மேடத்திடம் போய்க் கேட்டாள். மேடம் சரி என்றார். கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்து, என்னுடைய கல்யாண அண்டாவை ஏற்றினோம். காலையில் நான் அடுப்புப் பற்ற வைக்கும்போது அவளும் எழுந்துவிடுவாள். யார் ராடை எடுத்துக்கொண்டு வந்து என் அரிசி டிரம்முக்குப் பின்னால் போடுகிறார்களோ, அவர்களுக்கு ஒரு வாளி வெந்நீர். அவள் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. வெந்நீரை மட்டும் கொடுத்தாள். முதலில் குளிர் தாங்காத இரண்டு பேர் வந்தார்கள். பொங்கல் லீவு விடுவதற்குள் டிரம்முக்குப் பின்னால் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது.

கரண்ட் வந்தது எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் அவளே பதில் வைத்தாள். சமையல்கட்டில் அம்மன் படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவாள். அம்மன் கண்ணைத் திறந்தா நான் வந்து சொல்றேன், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க என்பாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகளும் மெல்ல மெல்லப் பழகினார்கள். அம்மன் கண்ணைத் திறந்தாச்சா என்று மேலேயிருந்து கேட்பார்கள். போர்டின் அனல் கொஞ்சம் தணிந்தது. கருகல் வாசனை குறைந்தது.

ஆனால் சுஜாதா மட்டும் ராடைக் கொடுக்கவில்லை. விறகு வெந்நீரில் குளித்தால் தலையெல்லாம் புகை நாற்றம் அடிக்கிறது என்றாள். முனிலட்சுமி அவளிடம் கெஞ்சினதை நான் கேட்டிருக்கிறேன். நீதான் இருக்கியே, நீ அணைச்சுடு என்று சுஜாதா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். ஒரு சுவிட்சை அணைக்க ஒருத்தி எந்நேரமும் பக்கத்திலேயே இருக்க முடியுமா? காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், இன்றைக்குப் பொழுது நல்லபடியாகப் போகட்டும் தாயே என்று கும்பிட்டுவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பேன்.

பரீட்சை சமயம் வந்தது. ஒரு சனிக்கிழமை பராமரிப்பு வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். பரீட்சையும் அன்றைக்கே. முனிலட்சுமி சினேகிதி ஒருத்தியோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று சீக்கிரமே காலேஜுக்குப் போய்விட்டாள். போனைக்கூட எடுத்துப் போகவில்லை. பரீட்சை ஹாலில் போன் கூடாதாம். அவள் போன பிறகுதான் கரண்ட் போனது. மற்ற பிள்ளைகள் குளித்தும் குளிக்காமலும் ரூமைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். ஹாஸ்டலில் நான் ஒருத்திதான். அவள் வந்த பிறகு முதன்முதலாக, கரண்ட் போன நேரத்தில் யாரும் மாடி ஏறாத நாள் அது. எனக்கும் அது உறைக்கவில்லை. அம்மன் பல்பு அணைந்திருப்பதைப் பார்த்தேன், கீரை ஆய உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் முனிலட்சுமி. மூச்சு வாங்கியது. ஹாலில் உட்கார்ந்ததும் காலேஜ் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டதாம். ஊரில் கரண்ட் இல்லை, ஹாஸ்டலில் யார் சுவிட்ச் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் ஒரு எழுத்தும் ஓடவில்லையாம். எழுதி முடிக்காத பேப்பரைக் கொடுத்துவிட்டு, வாட்ச்மேன் போனை வாங்கிப் பேசுகிறாள்.

"அக்கா, மெயினை இறக்கிடுங்க."

"நானா?"

"செருப்பு போட்டுக்கங்க. கையால தொடாதீங்க, காய்ஞ்ச கட்டை எதாச்சும் வெச்சு இறக்குங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டாள். நான் படிக்குக் கீழே போய் நின்றேன். போர்டின் இரும்புக் கைப்பிடி மேலே பார்த்துத் தூக்கியிருந்தது. கரண்ட் இல்லாதபோது தொட என்ன பயம் என்று முன்பென்றால் கேட்டிருப்பேன். திம்மப்பன் கதை தெரிந்த பிறகு அப்படிக் கேட்க வரவில்லை. என் கை அதன் மேல் இருக்கிற நேரத்தில் வந்துவிட்டால்? பக்கத்தில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஓடிப்போய் களி கிண்டுகிற துடுப்பை எடுத்து வந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். தாயே, மலைமேல் இருக்கிற சந்திர சூடேஸ்வரா, எல்லாரும் இருங்கள் என்று சொல்லிக்கொண்டு, கண்ணை மூடித் துடுப்பால் கைப்பிடியை அழுத்தினேன். அசையவில்லை. கண்ணைத் திறந்து, உடம்பின் கனமெல்லாம் போட்டு அழுத்தினேன். டக்கென்று இறங்கியது.

துடுப்பைப் பிடித்தபடியே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர்ப் பட்டறையில் மோட்டார் உறுமியது.

சாயங்காலம் வரும் என்று சொன்ன கரண்ட் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் அம்மன் பல்பைப் பார்த்தேன். அது எரியவில்லை. எரியாமல் இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் முதல் தடவை அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னராஜ் வந்தார். அவர் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், தெருவெல்லாம் கரண்ட் வந்துவிட்டது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். நான் இறக்கினேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சமைக்கிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று போர்டுக்குக் கையை நீட்டினார். நான் எழுந்து குறுக்கே நின்றேன். அந்த மனுஷன் கொடுக்கிற சம்பளத்தில்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது. அவரை ஏறிட்டுப் பேசினதுகூடக் கிடையாது. அந்தப் பிள்ளை வரட்டும்ங்க, அந்தப் பிள்ளை வரட்டும்ங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைத் தள்ளப் போகிற நேரத்தில் முனிலட்சுமி ஓடிவந்தாள். ஷேர் ஆட்டோவில் பாதி தூரம், ஓட்டத்தில் பாதி தூரம். நேராக வந்து போர்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரூமெல்லாம் தொறந்து பாருங்க சார். அப்பறம் போடுங்க."

சின்னராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. வா, ஒன்றுமில்லை என்று காட்டுகிறேன் என்று மாற்றுச் சாவிக் கொத்தை எடுத்து வந்தார். மூன்று பேரும் மாடி ஏறினோம். ஒரு ரூமில் ஃபேன் சுவிட்ச் போட்டபடி. இன்னொன்றில் லைட். பார், இதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவர் சிரித்தார். எனக்கும் ஒரு நிமிஷம், வீணாகப் பயந்துவிட்டோமோ என்று ஆகிவிட்டது. கடைசியாக, என் சமையல்கட்டுக்கு மேலே இருக்கிற ரூமைத் திறந்தார்.

சுஜாதா தண்ணீர் சுட வைக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. வெதுவெதுப்பாக இருந்ததில் குளித்திருக்கிறாள். வாளி வேண்டுமே, ராடை எடுத்துக் கட்டிலில் போட்டிருக்கிறாள். பஞ்சு மெத்தை. பக்கத்தில் துண்டு, பரீட்சைக்குப் படித்த காகிதங்கள். ராடின் ஒயர் சுவரில் பிளக்கோடு இருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது. கரண்ட்தான் இல்லையே, அவள் ஏன் அணைக்கப் போகிறாள்?

மெயினைத் தூக்கியிருந்தால் தண்ணீரில்லாத அந்தக் கம்பி சிவந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்? சின்னராஜ் கட்டிலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தரைக்குக் கீழே சமையல்கட்டு, அதை ஒட்டிச் சிலிண்டர்கள் என்று அந்த வீட்டைக் கட்டினவருக்குத் தெரியாதா? முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். முனிலட்சுமி உள்ளே போய்ச் சுவிட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள். அன்றைக்குக் கிரைண்டர் பிளக்கைப் பிடித்த மாதிரியே எட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பயந்த மனுஷனுக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. இது உன் ரூம்தானே என்றார் சின்னராஜ். அவள் ஆமாம் என்றாள். ராடு யாருடையது என்று கேட்டார். அவள் பேசவில்லை. நிர்மலா மேடம் வந்து கேட்டார். பேசவில்லை. எனக்குத் தெரியுமே என்று நான் வாயெடுத்தபோது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் வாய் அடைத்துப்போனது. சட்டம் சட்டம்தான், ரூமைக் காலி பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் சுஜாதா சமையல்கட்டுக்கு ஓடிவந்து முனிலட்சுமியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போதே போய் உண்மையைச் சொல்கிறேன் என்று எழுந்தாள். முனிலட்சுமி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ வீட்டுக்குப் போனா திரும்பி வரமாட்டடி. நான் போனா நாளைக்கே பஸ்ஸேறி காலேஜுக்கு வந்துடுவேன். ராடு யாருதுன்னு யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? அது எரியல, அவ்வளவுதான். இனிமே சுவிட்ச நீ பாரு."

அந்த மாசமே சின்னராஜ் ஆள் வைத்துப் போர்டை மாற்றினார். புது லைனுக்கு எழுதிக் கொடுத்தார். சிலிண்டர்களை வீட்டுக்கு வெளியே தனிக் கூண்டு கட்டி வைத்தார். காகிதம் ஒட்டுவதை விட்டுவிட்டார். சுஜாதா படித்து முடிக்கிற வரைக்கும், கரண்ட் போனால் மாடி மாடியாக ஏறினாள். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் முறை வைத்துக்கொண்டு ஏறினார்கள். இன்றைக்கும் அந்த முறை இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அது யார் ஆரம்பித்தது என்று தெரியாது. சுஜாதா இப்போது வேலைக்குப் போகிறாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று அவளே சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். முனிலட்சுமி அந்தப் பரீட்சையை மறுபடி எழுதித் தேறினாள் என்று கேள்விப்பட்டேன். பெங்களூர் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறாளாம். நான் பார்க்கவில்லை.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது ஓசூர் பஸ் ஸ்டாண்டில், அவள் காலி பண்ணிப் போன அன்றைக்கு. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை. தளி வழியாக ஜவளகிரி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மலைக்கோயில் விபூதியை அவள் நெற்றியில் வைத்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அவள் அழவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். கிரைண்டரிலிருந்து அவள் காப்பாற்றிக் கொடுத்த அதே கை.

"அக்கா, கரண்டு போச்சுன்னா ஒருக்கா மாடிக்குப் போயிட்டு வந்துடுங்க. போனது எப்ப வேணா திரும்பி வரும்."